சட்டன் வீட்டின் முன்னால் எடுத்த படம்

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சுகமாக இருக்கிறவன் ஒரு கடிதத்தை ஐந்து தரம் கிழித்துப் போட மாட்டான். இது ஆறாவது தாள். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்று பின்னேர ஷிப்ட், ஆகவே மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இரண்டு தரம் எடுத்தேன். நீ "ஹலோ அப்பா" என்றதும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். அடுத்த தரமும் குளிரைத்தான் கேட்டேன். முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற எனக்கு, சொந்த மகனிடம் நாலு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. இதைத் தனியாக இருக்கும்போது வாசி. மாமா வீட்டார் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். பொன்னுருக்கல் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இருக்கிற வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அதற்காகவே கலியாணத்தை லண்டனுக்கு மாற்றிய மனிதர் அல்லவா. தாலிக்குரிய பொன்னை மண்டபத்திலோ கோயிலிலோ வைத்து உருக்கினால் அவருக்கு மனம் ஒப்பாதாம். "சம்பந்தியார், நான் எல்லாம் யோசிச்சு வைச்சிட்டன். உங்கட வீட்டுக்கு முன்னால அந்தக் கல்லுப் பாதை இருக்கெல்லோ, அதில பந்தலைப் போடுவம். பத்தரை அந்தப் பெரிய யன்னலுக்குக் கீழ இருத்தலாம். எங்கட ஆக்கள் ஒரு நாற்பது பேர் வருவினம், இடம் காணும்தானே?" என்றார். எந்தக் கல்லுப் பாதை என்று நான் கேட்கவில்லை. என் பாட்டுக் கசெற் அட்டையில் இருக்கிற வீட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் பந்தலுக்குக் கால் நடுகிறார் என்பது விளங்கிவிட்டது. "ஓம் ஓம், தாராளமாக் காணும்," என்றேன். அன்று பின்னேரம் பெற்றோல் ஸ்டேஷனில் மூன்று பேருக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தேன்.

மகனே, அந்த வீடு எங்களுடையது இல்லை. ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததும் இல்லை. நீ கடிதம் போடுகிற விலாசத்தில் இலக்கத்துக்குப் பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்து எழுதுகிறாயே, அதற்கு அர்த்தம் மேல்மாடி. கோலியர்ஸ் வுட்டில் மீன் பொரித்து விற்கிற ஒரு கடைக்கு மேலே, ஒரு ஹோல், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டிய ஒரு குசினி. அவ்வளவுதான் நம் அரண்மனை. அதுவும் வாடகை. நான் பாட்டுப் பாடிப் பணக்காரன் ஆனதும் கிடையாது. கிழமையில் ஆறு நாள் பெற்றோல் ஸ்டேஷன் கவுண்டரில் நிற்கிறேன். நீயும் உன் மாமாவும் ஊர்ச்சனமும் நினைக்கிற அந்தப் பாட்டுக்காரர், சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் மட்டும் உயிரோடு இருக்கிற ஓர் ஆள்.

இது எப்படி நடந்தது என்று உனக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டும். நான் கொழும்பில் கிளாக்கராக இருந்தபோது அமெரிக்கக் கன்ட்ரி பாட்டில் விழுந்தவன் என்பது உனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்த இரண்டு பறங்கியர்கள் கிற்றார் பழக்கினார்கள், பிறகு மூவரும் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைகளில் பாடினோம். யாழ்ப்பாணத்துப் பொடியன் தொப்பி போட்டுக்கொண்டு குதிரைக்காரன் பாட்டுப் பாடுகிறான் என்று உன் அப்பப்பா ஒரு வருசம் என்னோடு கதைக்கவில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அப்போது உனக்குப் பதினொரு வயது. வந்த புதிதில் அயர்லாந்துக்காரர்களின் ஒரு பப்பில் மேசை துடைத்தேன். ஒரு ஞாயிறு அவர்களுடைய பாட்டுக்காரன் வரவில்லை, நான் ஏறினேன். கறுப்பான ஒரு மெலிந்த மனிதன் வீட்டை நினைத்து அழுகிற பாட்டுகளைப் பாடியதைக் கேட்டு அந்தக் கட்டட வேலைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டை விட்டு வந்த ஆட்களுக்கு அந்தப் பாட்டு எந்த நாட்டுப் பாட்டென்று பார்க்கத் தேவையில்லை. பிறகு எங்கள் ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். அதே மெட்டில் நானே தமிழில் எழுதிப் பாடினேன். பிறந்தநாள், கலியாணம், சாமத்தியவீடு, எதிலும் நானே. பதினாலு வருசமாக இந்த ஊரில் தொப்பி அண்ணை என்றால் அது நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

லண்டனுக்குத் தெற்கே சட்டனில் ஒரு டொக்டரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பெரிய வீடு, முன்னால் கல்லுப் பதித்த பாதை, பாதையில் கரு நீலக் கார். பாட்டு முடிந்து சாமான்களை ஏற்றும்போது எங்கள் கீபோர்ட்காரர் கமராவை எடுத்து, "அண்ணை, அதில சாய்ஞ்சு நில்லுங்கோ, கசெற் அட்டைக்கு நல்லாயிருக்கும்," என்றார். டொக்டரிடம் கேட்டுத்தான் நின்றேன். தொப்பி, கிற்றார், பின்னால் வீடு. அட்டையை சவுத்தாலில் ஓர் அச்சகத்தில் அடித்தோம். கீபோர்ட்காரருக்குக் கொஞ்சம் எழுத்துப் பைத்தியம் உண்டு, 'தம் லண்டன் இல்லத்தின் முன்னால் பாடகர்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். பிழை பார்க்க என்னிடம்தான் தந்தார்கள். நான் சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அந்த வரியை நன்றாக வாசித்தேன். வாசித்துவிட்டு அப்படியே விட்டேன். மகனே, நான் செய்த முதல் குற்றம் அவ்வளவுதான். அந்தப் பேனா இன்னும் இரண்டு அங்குலம் கீழே போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை.

கசெற் ஊருக்கும் போனது. உன் அத்தை எழுதினாள், "அண்ணை, உங்கட வீட்டைப் பாத்து ஊரே வாயைப் பிளக்குது." அப்போது நான் ஐந்து ஆண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன், கட்டிலை முறை வைத்துப் படுப்போம். அந்தக் கடிதத்தை வாசித்தபோது என் நெஞ்சு எவ்வளவு குளிர்ந்தது என்று உனக்குச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'வீடு பரவாயில்லை, தோட்டத்தைப் பராமரிப்பதுதான் கஷ்டம்' என்று எழுதினேன். இல்லாத தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கிய நாள் அது. பொய்யைச் சொல்வது ஒரு நிமிச வேலை, அதை வைத்துப் பராமரிப்பதுதான் சீவியம் முழுக்க வேலை. கலியாணம் செய்யப் போகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். உன் சம்பளம், உன் கடன், உன் பயம், எதுவாக இருந்தாலும் முதல் மாதத்திலேயே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு. பிறகு சொல்வது பத்து மடங்கு கஷ்டம்.

இனி எழுத வேண்டியதுதான் இவ்வளவு தாளையும் கிழிக்க வைத்தது. அம்மா என்னிடம் வந்தபோது உனக்குப் பதினாறு. உன்னையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்றுதான் முதலில் பத்திரங்களை எடுத்தேன். உனக்கு ஒரு தனி அறை இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார் லோயர். கீபோர்ட்காரரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் ஒரு வீட்டை வாங்கியிருந்தார். "மேல் அறை சும்மாதான் கிடக்கு. பொடியனைக் கூப்பிடுங்கோ அண்ணை, மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்றார். வாடகை கூடக் கேட்கவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததெல்லாம் ஒன்றுதான். நீ விமானத்தில் வந்து இறங்குவாய், அடுத்த மணித்தியாலமே எல்லாம் தெரிந்துவிடும், ஊருக்கு எழுதுவாய். தொப்பி போட்ட உன் அப்பாவை நீ எப்படிப் பார்ப்பாய் என்று நினைத்தேன், என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் உன் மாமா குடும்பத்தோடு கனடா போக ஆயத்தமானார். 'லண்டன் பள்ளிக்கூடங்கள் சரியில்லை, விசாவும் கஷ்டம், நீ மாமாவோடு போ' என்று உனக்கு எழுதினேன். விசா கஷ்டமாக இருக்கவில்லை மகனே. ஓர் அறை தயாராக இருந்தது. ஒரு படத்தைக் காப்பாற்றுவதற்காக நான் என் ஒரே பிள்ளையைத் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு நீ லண்டனுக்கு வரக் கேட்கும்போதெல்லாம் வீட்டில் திருத்த வேலை நடக்கிறது என்றேன். மூன்று தரம் கூரையைத் திருத்தினேன், இல்லாத கூரையை. ரொறன்ரோவுக்கு நான் பாட வந்தபோது நீ மேடைக்குப் பின்னால் வந்தாய், நினைவிருக்கிறதா? கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாய். மீசை அரும்பியிருந்தது. நான் தெருவில் கண்டிருந்தால் அடையாளம் பிடித்திருக்க மாட்டேன். "வீட்டு வேலை முடிஞ்சுதோ அப்பா?" என்று கேட்டாய். "இன்னும் கூரை இருக்கு," என்றேன். "அந்தக் கூரை இன்னும் முடியேல்லையோ?" என்று சிரித்தாய். பகிடி விடுகிறாய் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் மாமனாரின் போனுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி சட்டனுக்குப் போனேன். டொக்டர் அதே வீட்டில்தான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. ஒரு நாளைக்கு, அரை நாளைக்கு உங்கள் வீட்டைத் தர முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நீங்கள் என்ர மகளின்ர சாமத்தியவீட்டில பாடினதை இன்னும் கதைக்கினம். வந்து செய்யுங்கோ. நாங்கள் அண்டைக்கு வெளியில போறம்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, திரும்பி வரும் வழியில் மீன் கடையில் அம்மாவுக்குப் பிடித்ததாக ஒரு பொதி வாங்கிக்கொண்டு படியேறினேன்.

அம்மா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னேன். அவள் பொதியைத் தொடவில்லை. "இஞ்சாருங்கோ, இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னதுக்கெல்லாம் நான் தலையாட்டினனான். ஆனா பொய் வீட்டில வைச்சு என்ர பிள்ளையின்ர தாலிக்குப் பொன் உருக்க நான் விடமாட்டன்," என்றாள். சனத்துக்கு முன்னால் மானம் போகுமே என்றேன். "ஆரின்ர மானம்?" என்று கேட்டாள். பிறகு கதிரையில் இருந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? கனடா போய் முதல் குளிருக்க பிள்ளை எனக்குப் போன் எடுத்தவன். மாமா வீட்டு நிலவறையில மூண்டு பொடியளோட படுக்கிறன் எண்டு சொன்னவன். பிறகு கேட்டவன், அம்மா, அந்த வீட்டில எட்டு யன்னல் இருக்கு, நான் படத்தில எண்ணிப் பாத்தனான், எனக்கு ஓர் அறை இல்லையோ எண்டு."

நீர் என்ன சொன்னீர் என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் அப்பாவைக் குறைவா நினைப்பான். சொல்லாட்டி அப்பா தன்னை வேண்டாம் எண்டு விட்டிட்டார் எண்டு நினைப்பான். போன் காசு ஏறுது ராசா எண்டு சொல்லி வைச்சிட்டன். அதுக்குப் பிறகு அவன் ஒருநாளும் கேக்கேல்லை." இதை ஒன்பது வருசம் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். என் மரியாதைக்காக. அம்மா மேல் கோபப்படாதே, அவள் என் பொய்க்குக் காவல் நின்றவள்தானே தவிர அதைச் சொன்னவள் அல்ல.

நான் என்ன பயத்தில் உன்னைத் தள்ளி வைத்தேன் தெரியுமா? என்னை ஏழை என்று நீ நினைப்பாய் என்ற பயம். ஆனால் நீ அதைவிட எவ்வளவு கூடாத ஒன்றை இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தாய். எட்டு யன்னல் வீட்டில், கரு நீலக் கார் நிற்கிற வீட்டில், பெற்ற பிள்ளைக்கு ஒரு கட்டில் போட மனமில்லாத தகப்பன் என்று நினைத்திருக்கிறாய். நினைத்துக்கொண்டும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு வாழ்த்து மட்டை போட்டாய். கலியாணம் பேசியபோது 'அப்பா சம்மதித்தால்தான்' என்று சொன்னாய். மரியாதையான பிள்ளை என்று நான் எல்லோருக்கும் பெருமை பேசினேன். நீ எப்படியடா அவ்வளவையும் விழுங்கிக்கொண்டு இருந்தாய்? இதை எழுதும்போது எனக்குக் கண் தெரியவில்லை, எழுத்துக் கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

டொக்டருக்குப் போன் எடுத்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொன்னுருக்கல் இங்கேதான். அம்மா நேற்று ஹோலில் இருந்த சோபாவைத் தள்ளி அளந்து பார்த்தாள். பத்தருக்கும் அவருடைய அடுப்புக்கும் இடம், நீ இருக்க இடம், பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். மிச்சப் பேர் படியில் நிற்கட்டும், மீன் பொரிக்கிற மணத்தைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அதற்கு முன் உன் மாமனாருக்கு இந்த விசயம் தெரிய வேண்டும். அவர் மகளைத் தருவது உன் படிப்புக்கும் குணத்துக்கும்தான் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் கசெற்றை அவர் காரில் போட்டுக்கொண்டு திரிகிறார், 'லண்டனில் பாடியே வீடு கட்டினவரின்ர மோன்' என்று அவர் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். இந்தக் கலியாணம் குழம்பினால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. போன ஞாயிறு, அந்தப் போனுக்கு முதல், பப்பில் மத்தியானம் முழுக்கப் பாடிவிட்டு வந்தவன், நேற்றுக் கிற்றாரை எடுத்து ஒரு பாட்டின் இரண்டாவது அடியிலேயே சொல் மறந்து நின்றேன். முப்பது வருசத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

ஆனாலும் முதலில் அவருக்கு நான் போன் எடுக்கவில்லை. இது உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், பதினாறு வயதில் தெரிந்திருக்க வேண்டியது. இதை வாசித்ததும் முதலில் அந்தப் பிள்ளையிடம் நீயே சொல். அவளுடைய தகப்பனிடம் சொல்வது என் வேலை, அதை உன் தலையில் கட்ட மாட்டேன். நீ ஒரு வார்த்தை 'சரி' என்று சொன்னால் அன்றே எடுப்பேன், குளிரைப் பற்றிக் கேட்க மாட்டேன். அவர் என்னைப் பேசினால் கேட்டுக்கொள்வேன். கலியாணமே வேண்டாம் என்றால் விமானம் ஏறி வந்து அவர் வாசலில் நின்று, பிழை என்னுடையது, பொடியனுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொல்வேன்.

அவருக்கு நான் பயப்படுகிறேன்தான். ஆனால் உனக்குத்தான் கூடப் பயப்படுகிறேன். உன் கலியாணத்துக்கு ஒரு கிழமை முதல் வருவதாக எழுதியிருந்தாய், மாமனார் ஆட்களோடு ஹோட்டலில் தங்குவதாகவும் எழுதியிருந்தாய். ஏன் ஹோட்டல் என்று நான் கேட்கவில்லை, இப்போது விளங்குகிறது. ஹோட்டல் வேண்டாம் ராசா. அவர்களுக்கு முதல் நீ மட்டும் வா, முடிந்தால் நாளைக்கே. படுக்கையறையில் நீ படு, நானும் அம்மாவும் ஹோலில் படுக்கிறோம். உனக்கு என் மேல் கோபம் இருக்கும், இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். அதை அங்கே இருந்துகொண்டு படாதே, போனிலும் படாதே. இங்கே வந்து, இந்த வீட்டில் இருந்து கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இருந்து கோபப்படு.

அப்பா